கிர்ஸ்டியின் மர்டோ

ஸ்கராபோஸ்ட், லூயிஸ் தீவு
24 மார்ச் 1984

மர்டோ,

நீ அனுப்பிய புகைப்படம் வந்தது. உனக்குப் பின்னால் தெரிகிற மொட்டை மேட்டைப் பார்த்துவிட்டு டொலீனா, "இதுக்கா போக்லாந்து வரைக்கும் எட்டாயிரம் மைல் போனான்? நம்ம ஊர் மேட்டுலயே நின்னு எடுத்திருக்கலாமே" என்றாள். நான் அவளிடம், உன் புருஷன் ஆங்கஸும் மர்டோவோடு அதே அறையில்தான் தூங்குகிறான், அதே விமான ஓடுதளத்துக்குத்தான் கல் கொட்டுகிறான், அவன் மட்டும் என்ன பாரிஸிலா இருக்கிறான் என்று கேட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கடையில் மது விற்க லைசென்ஸ் கேட்டுக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். கேட்காமல் செய்தாள் என்று கோபப்படாதே. கடிதம் உனக்கு வந்து சேர இரண்டு வாரம், நீ யோசிக்க ஒரு மாதம், பதில் வர இன்னும் இரண்டு வாரம். லைசென்ஸ் குழு கூடுவதோ மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஜூன் கூட்டத்தை விட்டால் அக்டோபர்தான். அதுவரை கடை தாங்காது, மர்டோ.

சனிக்கிழமை பஸ்ஸில் ஊரில் பாதிப் பேர் ஸ்டார்னவே டவுனுக்குப் போகிறார்கள். போவது ஒரு பாட்டிலுக்கு. வரும்போது அதே பையில் ரொட்டி, வெண்ணெய், சோப்பு எல்லாம் வந்துவிடுகிறது. என்னிடம் தீப்பெட்டியும் தபால்தலையும் வாங்குகிறார்கள். போன வாரம் பதினாலு ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டேன். கோழிகள் கொழுத்துவிட்டன, கடை மெலிந்துவிட்டது. பாட்டில் இங்கேயே கிடைத்தால் பஸ் காலியாகப் போகும். அப்பா நடத்திய கடை என் கையில் மூடக் கூடாது.

படிவம் ஆறு பக்கம். கவுன்சிலர் ஃபின்லே மாரிசன் வந்து உட்கார்ந்து நிரப்பித் தந்தான். அவன் லைசென்ஸ் குழுவில் இல்லை, அதனால் உதவலாமாம். கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. மர்டோ மெக்லவுட் என்று எழுதினால், ஸ்கராபோஸ்டில் இருக்கும் நாலு மர்டோ மெக்லவுட்டில் எவன் என்று எடின்பரோவிலிருந்து வந்த குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எல்லாரும் சொல்ற மாதிரி கிர்ஸ்டியோட மர்டோன்னு போட்டுரு" என்றான். சிரித்துவிட்டேன்.

விதிப்படி கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். ஆட்சேபணை உள்ளவர் குமாஸ்தாவுக்கு ஒரு தாளும் எனக்கு ஒரு நகலும் அனுப்ப வேண்டும். வேதக்கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற சங்கீத மர்டோ, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்துவிட்டுப் போனார்.

உன் கம்பளிக் காலுறை தனிப் பொட்டலத்தில் வருகிறது.

உன்,
கிர்ஸ்டி

*

மவுண்ட் பிளசன்ட் முகாம், போக்லாந்து
14 ஏப்ரல் 1984

கிர்ஸ்டி,

காலுறை வந்தது. கடிதமும் வந்தது. ஃபின்லே சொன்னான், நீ சிரித்தாய். அந்த வரியை மட்டும் பத்துத் தடவை படித்தேன்.

நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உடைந்த பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு, தோள் குலுங்க. அதை எதிரே உட்கார்ந்து அவன் பார்த்திருக்கிறான். நான் இங்கே ஆங்கஸ் பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டொலீனாவும் ஆங்கஸுக்கு எழுதுகிறாள், மறந்துவிடாதே. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதுவும் ஆங்கஸ் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படிக்கிறவன். ஃபின்லேயின் கார் நம் கடை வாசலில் மூன்று தடவை நின்றதாம். ஆறு பக்கப் படிவத்துக்கு மூன்று தடவை என்றால் ஒரு தடவைக்கு இரண்டு பக்கம். பள்ளிக்கூடத்தில் அவன் இதைவிட வேகமாக எழுதுவானே.

நமக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் எத்தனை நடனத்துக்குப் பிறகு அவன் உன்னை வீடு வரை கொண்டுவிட்டான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருப்பது இங்கிருந்து கஷ்டமாக இருக்கிறது.

கிர்ஸ்டியோட மர்டோ. சொல்லிச் சிரித்தீர்கள். டிராக்டர் மர்டோவிடம் டிராக்டர் இருக்கிறது. நெட்டை மர்டோவுக்கு உயரம் இருக்கிறது. சங்கீத மர்டோ வாயைத் திறந்தால் கோயில் முழுக்க அடங்கிவிடும். எனக்கு மட்டும் பொண்டாட்டி பேர். வீட்டோடு மாப்பிள்ளை என்று முதுகில் ஒட்டிய சீட்டு அது. அதைக் கிழிக்கத்தான் இங்கே வந்து பனிக்காற்றில் நிற்கிறேன். நீ அதை அரசாங்கப் படிவத்திலேயே ஏற்றப் பார்க்கிறாய்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு. ரொட்டி வாங்குகிறவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். விஸ்கி வாங்குகிறவன் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, எதை வாங்கலாம் என்று யோசிப்பான். யோசிக்கும்போது உன்னைத்தான் பார்ப்பான். நான் ஆம்பளை, எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் குளிருக்கு எரிக்க நம் கரிமண்ணை மேட்டிலிருந்து யார் வெட்டித் தருகிறார்கள்? யாராக இருந்தாலும் என் மண்வெட்டியைக் கொடுக்காதே. அதன் பிடி என் கைக்குத் தேய்ந்தது.

மர்டோ

*

ஸ்கராபோஸ்ட்
3 மே 1984

மர்டோ,

திரும்ப வாங்க மாட்டேன்.

கரிமண் போன புதன்கிழமை வெட்டியாகிவிட்டது. ஐந்து பேர் வந்தார்கள். குளிர்காலத்தில் நான் எதை எரிப்பது என்று நீ யோசித்துவிட்டா கப்பல் ஏறினாய்? ஐந்து பேருக்கும் கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆம், அதில் ஃபின்லேயும் இருந்தான். ஆம், உன் மண்வெட்டியைத்தான் கேட்டான். ஆம், கொடுத்தேன். மண்வெட்டி வெட்டுவதற்கு இருக்கிறது, சுவரில் மாட்டிக் கும்பிடுவதற்கு இல்லை. டொலீனா இதை எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

சங்கீத மர்டோவின் ஆட்சேபணை நகல் பதிவுத் தபாலில் வந்தது. எதிர்வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குப் பதிவுத் தபால். கடைத் தபால் கவுண்டரில் அதற்கு முத்திரை குத்தியதும் நான்தான். "வாங்கிக்கம்மா, சட்டப்படி ஒன் கையில குடுக்கணுமாம்" என்றார். கோயிலுக்குப் போகிற வழியில் மது கூடாது என்று நாலு வரி, அழகான கையெழுத்து. என்னைப் பற்றி ஒரு சொல் தவறாக இல்லை. ஆனால் அவர் பேச்சுக்குக் குழுவில் மரியாதை உண்டு. அவர் எழுந்து நின்றால் என் விண்ணப்பம் படுத்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் நான் தூங்காமல் கிடக்கிறேன். உனக்கு ஃபின்லேயின் கார் எத்தனை தடவை நின்றது என்பதுதான் கணக்கு.

பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். மீன் வண்டிக்காரனிடம் பேசினால் முகம் சுளிப்பாய். பள்ளி ஆய்வாளர் குடை கொடுத்தால் அந்தக் குடையையே ஒடிப்பாய். இப்போது பூமியின் அடியில் நின்றுகொண்டும் அதே வயிற்றெரிச்சல். சரி, கேட்காமல் இருப்பது கஷ்டம் என்கிறாயே, கேட்காமலேயே சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. படிவத்தை முடித்த அன்று ஃபின்லே கவுண்டர்மேல் இருந்த என் கையைப் பிடித்தான். "உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மர்டோ கப்பல் வேலைய விட்டு வராமயே போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டான்.

(தாளின் பின்பக்கம்)

கையை எடுத்துக்கொண்டேன். "அவன் வந்துட்டானே, ஃபின்லே" என்று சொன்னேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் படிவம் போய்ச் சேரணும், கெளம்பு" என்று கதவைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு அப்புறம் உன் சட்டைகளை எல்லாம் எடுத்து வெயிலில் போட்டேன். ஏன் என்று கேட்காதே. பூச்சி விழுந்துவிடக் கூடாது என்றுதான்.

கிர்ஸ்டி மெக்லவுட்,
விண்ணப்பதாரர்

*

மவுண்ட் பிளசன்ட்
18 மே 1984

கிர்ஸ்டி,

படித்தேன். என் மண்வெட்டி. உன் கை.

எழுத வேண்டியதை எழுத வேண்டிய இடத்துக்கு எழுதிவிட்டேன். இன்றைய விமானத்தில் போகிறது. நானும் ஸ்கராபோஸ்டில் வீடுள்ளவன்தான், எனக்கும் ஆட்சேபணை உண்டு.

மர்டோ மெக்லவுட்

*

மவுண்ட் பிளசன்ட்
21 மே 1984

கிர்ஸ்டி,

இந்தக் கடிதத்தை முந்தைய கடிதத்துக்கு முன்னால் படித்துவிடு, முடிந்தால்.

நான் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தான் என்ற இடத்தோடு தாளை மடித்துவிட்டேன். அதற்குமேல் படிக்கக் கண் ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்து கவுன்சில் குமாஸ்தாவுக்கு ஆட்சேபணை எழுதினேன். மதியம் விமானம், பையில் போட்டுவிட்டேன். உனக்கு நகல் அனுப்பவில்லை. அதை உன் கண் படிக்கும் என்று நினைத்தாலே கை கூசியது.

நேற்று ஆங்கஸ் அந்தத் தாளை எடுத்து அதன்மேல் டீக்கோப்பையை வைக்கப் போனான். திருப்பினான். "டேய், பின்னாடியும் எழுதியிருக்காளே, நீ படிக்கலையா?" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆங்கஸ் வாயே திறக்காமல் வெளியே போனது இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை.

குமாஸ்தாவுக்கு ஆட்சேபணையை வாபஸ் வாங்கி இன்று எழுதியிருக்கிறேன். ஆனால் அடுத்த விமானம் எப்போது என்று தெரியவில்லை, காற்று மோசம். அது போய்ச் சேர்ந்தாலும் கூட்டத்துக்கு முன் அந்த ஆபீஸில் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தொலைபேசியில் சொல்லலாம் என்றால், கடைத் தொலைபேசியில் பேசினால் ஊரே வரிசையில் நின்று கேட்கும்.

நீ குமாஸ்தாவிடம் போய், அது என் புருஷன் எழுதியது, கிழித்துப் போடுங்கள் என்று சொல்லிவிடு. சொல்ல உனக்கு எவ்வளவு அவமானம் என்று தெரிகிறது. வேறு வழி தெரியவில்லை.

சட்டைகளை வெயிலில் போட்டாயா? இத்தனை மாதமாக நான் உடுத்தாத சட்டைகள்.

மர்டோ

*

ஸ்கராபோஸ்ட்
15 ஜூன் 1984

மர்டோ,

கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. உன் இரண்டாவது கடிதம் அதற்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. குமாஸ்தாவிடம் போகவில்லை. ஸ்டார்னவே வரை போனேன், கவுன்சில் கட்டடத்துப் படி ஏறினேன், கதவுப்பிடியில் கை வைத்தேன். "என் புருஷனே எனக்கு எதிரா எழுதியிருக்கான்" என்று எடின்பரோக்காரனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை உன் தாள் அங்கே இருக்கிறது என்று தெரிந்தே போய் உட்கார்ந்தேன். அந்தக் காலை நேரத்தை மட்டும் உனக்கு நான் மன்னிக்க நாளாகும்.

ஸ்டார்னவே பார்களின் முதலாளிகள் எல்லோரும் அவரவர் வேலையாக வந்திருந்தார்கள். ஒருவனுக்கு நேரத்தை நீட்டிக்க வேண்டும், இன்னொருவனுக்கு வாசலை அகலப்படுத்த வேண்டும். சங்கீத மர்டோ ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டில் முதல் வரிசையில். நம் ஊரிலிருந்து டொலீனா, இன்னும் ஆறேழு பேர். பின்வரிசையில் ஃபின்லே.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா எழுந்து, "ஆட்சேபணை ஒண்ணு, ரெண்டு தாள். ஸ்கராபோஸ்ட், மர்டோ மெக்லவுட்" என்றார். புரிந்ததா உனக்கு? ஒரே பெயர், ஒரே ஊர். ஒரே ஆள் எழுதியது என்று நினைத்து, அவருடைய தாளையும் உன் தாளையும் ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருந்தார். உறையையும் வெளிநாட்டுத் தபால்தலையையும் தபால் பிரிக்கிற பெண் எப்போதோ குப்பையில் போட்டிருப்பாள். நம் ஊரில் பிறந்தவன் எவனும் எந்த மர்டோ என்று கேட்காமல் அந்தக் குண்டூசியைக் குத்தியிருக்க மாட்டான்.

முதல் தாளைப் படித்தார். கோயில் வழி, மது, நாலு வரி. குழுத் தலைவர் தலையை ஆட்டினார். அப்புறம் இரண்டாவது தாளைத் திருப்பினார்.

ஒரு தடவைதான் கேட்டேன், ஆனால் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "ஐயா, திருமதி கிர்ஸ்டி மெக்லவுட் மது விற்கத் தகுதியான நபர் அல்ல. அவள் யார் வந்தாலும் சிரிக்கிறாள். சிரிக்கும்போது உடைந்த பல்லைக் கையால் மறைக்கிறாள். மறைத்தால் தெரியாது என்று நினைக்கிறாள். கண்ணில் தெரியும். அந்தச் சிரிப்பை ஒருமுறை பார்த்தவன் மறுபடி பார்க்க மழையில் மூன்று மைல் நடந்து வருவான். நானே நடந்திருக்கிறேன். ஒரு ரொட்டிக்கே இப்படி என்றால், விஸ்கியும் இருந்தால் ஒருவனும் வீடு திரும்ப மாட்டான்."

மர்டோ, அந்தக் கூடம் சிரித்த சிரிப்பு. பார் முதலாளிகள் மேஜையைத் தட்டினார்கள். எழுபத்தோரு வயது, கறுப்புக் கோட்டு, கோயில்காரர், அவர் என் சிரிப்பைப் பார்க்க மழையில் மூன்று மைல் நடந்தார் என்று அவர்களுக்கு எண்ணம். ஃபின்லேக்கு உன் பேச்சு தெரியும். யார் எழுதியது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அந்தக் கார் இனி எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், என் வாசலில் நிற்காது.

நம் ஊர்க்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டொலீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, அது என் புருஷன் எழுதியது என்று சொல்லிவிடலாம் என்று நாற்காலியைப் பிடித்தேன். அதற்குள் சங்கீத மர்டோ எழுந்துவிட்டார்.

"நான்தான் மர்டோ மெக்லவுட்" என்றார்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டு தாளும் உங்களுதா?" என்று கேட்டார்.

"ரெண்டுலயும் என் பேருதான இருக்கு."

"மூணு மைல் நடந்தீங்களா?"

"எங்க ஊர்ல எல்லாரும் அந்தக் கடைக்கு நடந்துதான் போறோம்."

மறுபடி சிரிப்பு. தலைவர், "இதப் பத்திப் பேசணும்னா பேசுங்க, கேள்வி கேப்போம். இல்லன்னா ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கங்க. பாதிய வச்சுக்கிட்டுப் பாதிய எடுக்க முடியாது, ரெண்டும் ஒண்ணாத்தான் பதிவாயிருக்கு" என்றார்.

பேசினால் அந்தத் தாளைப் பற்றிக் கேட்பார்கள், கேட்டால் உன்னிடம் வந்து முடியும். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வாபஸ்" என்றார். உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் எனக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். வேறு யாருக்கும் ஆட்சேபணை இல்லையே.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதத்தைக் கிளப்பப் போனவன் கிணற்றை வெட்டிக் கொடுத்துவிட்டான். லைசென்ஸ் கிடைக்கக் கூடாது என்று நீ எழுதிய தாள்தான் எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தது.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"பொய்யப் பத்திக் கேக்கல. உங்க ஆட்சேபணை போச்சே."

"போச்சுதான். பாட்டில் வைக்கிறது தப்புன்னு இப்பவும் சொல்றேன், நாளைக்கும் சொல்லுவேன்." கொஞ்ச தூரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஆனா ஒருத்தன் பொண்டாட்டி சிரிப்பப் பத்தி இப்படி எழுதியிருக்கான். அதப் போய் ஸ்டார்னவே பார்க்காரங்க சிரிக்கிறதுக்கு விட்டுட்டு வர முடியுமா?"

அழுதேன் என்று டொலீனா எழுதுவாள். அது உண்மைதான்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். பதினோரு வருஷத்தில் என் பல்லைப் பற்றி, கண்ணைப் பற்றி, மழையில் நடந்ததைப் பற்றி என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாயா? குடையை ஒடித்தாய், அது தெரியும். மூன்று மைல் நடந்தது தெரியாது. ரொட்டி தீர்ந்துவிட்டது என்று வந்தவன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலுக்கு எழுதினாய். எனக்கு எழுதவில்லை.

கிர்ஸ்டி

*

மவுண்ட் பிளசன்ட்
3 ஜூலை 1984

கிர்ஸ்டி,

உன் கடிதத்தை இந்தத் தடவை பின்பக்கத்திலிருந்து படித்தேன்.

வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் ஆங்கஸ் என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தான். அவனிடம் டொலீனாவின் கடிதம் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக மனசுக்குள் படித்தான். அதிலிருந்தே அதில் என்ன இருக்கும் என்று புரிந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம். சொன்னால் நீ சிரிப்பாய், கையை வைத்து மறைத்துக்கொள்வாய், எனக்கு மேலே பேச்சு வராது. குமாஸ்தா சிரிக்க மாட்டான் என்று தைரியமாக எழுதிவிட்டேன். ரொட்டி அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு இருந்தது. அம்மா திட்டத் திட்டக் கிளம்பி வந்தேன்.

சங்கீத மர்டோவுக்கு நான் என்ன சொல்வது? என் சார்பில் நன்றி சொல். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் அவர் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தாரா, நீ ஜன்னல் பக்கமாகவா? கேட்டுவிட்டேன், விடு. உன் மானத்தைக் காக்க ஒருவன் எழுந்து நின்றிருக்கிறான். நிற்க வேண்டியவன் நான். அந்த இடத்தில் இன்னொருவன் நின்றான் என்று நினைக்கும்போது, அவருக்கு எழுபத்தோரு வயது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. ஃபின்லே கையைப் பிடித்ததற்கு எரிந்ததைவிட இதற்கு அதிகமாக எரிகிறது. அவர் மனைவி போய் எத்தனை வருஷம் ஆகிறது? இப்போதும் கடைக்கு வருகிறாரா? வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறார்? என்னைத் திட்டு, ஆனால் பதில் போடு.

இன்னொன்று. அக்டோபரில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இம்மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்து எந்த முகத்தோடு கடைத்தெருவில் நடப்பது என்று தெரியவில்லை. போடவா, வேண்டாமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

கிர்ஸ்டியின் மர்டோ
(முதல் தடவையாக நானே எழுதிக்கொள்கிறேன்)

*

ஸ்கராபோஸ்ட்
17 ஜூலை 1984

மர்டோ,

ஜன்னல் பக்கம் அவர். மனைவி போய் ஒன்பது வருஷம். கடைக்கு வாரம் இரண்டு தடவை வருகிறார், ஓட்ஸ் மாவுக்கு. பாட்டில்கள் இருக்கிற அலமாரியைப் பார்க்கக் கூடாது என்று கதவிலிருந்து கவுண்டர் வரை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வருகிறார், அப்படியே திரும்பிப் போகிறார். இரண்டு நிமிஷம் நிற்பார். போதுமா?

சனிக்கிழமை பஸ்ஸில் போன வாரம் மூன்று பேர்தான் போனார்களாம். கோழிகள் இளைக்கத் தொடங்கிவிட்டன.

நீ கடைசியில் போட்ட கையெழுத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு சேதி உனக்குத் தெரிய வேண்டும். கூட்டம் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிராக்டர் மர்டோ, "மூணு மைல் நடந்தவருக்கு வழி விடுங்கப்பா. இனிமே இவர்தான் கிர்ஸ்டியோட மர்டோ" என்றான். சும்மா ஒரு கேலிக்குத்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்க அதுவே ஆகிவிட்டது. நேற்று ரொட்டி வண்டிக்காரன் வழி கேட்டதற்கு, "அதோ அந்தச் சிவப்புக் கதவு, கிர்ஸ்டியோட மர்டோ வீடு" என்று டொலீனா எதிர்வீட்டைக் காட்டினாள், யோசிக்கக்கூட இல்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாப்பது வருஷம் சங்கீதமாவே இருந்துட்டேன், கொஞ்ச நாள் இதுவாவும் இருந்துட்டுப் போறேன்" என்கிறார்.

ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு பேர் ஒருத்தருக்குத்தான். ஆகவே நீ கிழிக்கப் பார்த்த சீட்டு இப்போது இன்னொருவர் முதுகில் இருக்கிறது. உனக்கு ஊரில் பேரே இல்லை. டொலீனா ஆட்சேபணை மர்டோ என்று ஆரம்பித்தாள். அவளுக்கு இனித் தபால்தலை கிடையாது என்றேன், நிறுத்திக்கொண்டாள். எத்தனை நாள் நிறுத்துவாள் என்று சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழைய பேர் உனக்கு வேண்டும் என்றால், அது தபாலில் வராது. நீயே நேரில் வா. கடைக் கவுண்டருக்கு எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்து, கவுன்சிலுக்கு எழுதியதை என்னிடம் சொல்.

கையை வைத்து மறைக்காமல் கேட்கிறேன்.

கிர்ஸ்டி